வாடகை வண்டிக்கு எலுமிச்சம்பழம்

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போது எழும் வாசனை தனி. மரத்தின் வாசனையும் இல்லை, ஊறுகாயின் வாசனையும் இல்லை. புது ரப்பரும் தெருப்புழுதியும் பெட்ரோலும் அதில் சேர்ந்துகொள்ளும். மூக்கின் உச்சியில் ஒரு நொடி நிற்கும். பிறகு இருக்காது.

போன மாதம் அயோத்தியாப்பட்டணத்தில் நான் குடியிருக்கும் தெருவில், எதிர்வீட்டில் புது மோட்டார் சைக்கிள் எடுத்து வந்தார்கள். சந்தனம், குங்குமம், ஹேண்டில்பாரில் ஒரு முழம் கதம்பம், முன்சக்கரத்துக்கு ஒரு பழம், பின்சக்கரத்துக்கு ஒரு பழம். வண்டி நகர்ந்தது. பட். சற்றுப் பொறுத்து இன்னொரு பட். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னிடம் அந்த வாசனை வந்து சேர்ந்தபோது நான் அங்கே இல்லை. நாமக்கல்லில், ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் மர பெஞ்சில், இருபத்து நாலு வயதில், இன்னொரு நாட்டில் நிற்கும் ஒரு வாடகை மோட்டார் சைக்கிளுக்கு எத்தனை பழம் எடுத்துப்போவது என்ற பேச்சின் நடுவே இருந்தேன்.

நான் அந்தக் கடலை இன்றுவரை தாண்டவில்லை. அந்தச் சிவப்பு ஹோண்டாவை நான் பார்த்ததும் இல்லை. ஆனாலும் நான் ஓட்டிய வண்டிகளில் எதையும்விட அதை நன்றாகத் தெரியும்.

ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை. சேலத்திலிருந்து நாமக்கல் வரை பூமி தட்டையாகக் கிடக்கும். அங்கங்கே ஒரு பாறைக்கரடு மட்டும், யாரோ இறக்கிவைத்து எடுக்க மறந்த பாரம்போல. அந்தத் தட்டையில் பிறந்தவர்களுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. விளைந்தால் விவசாயம், விளையாவிட்டால் லாரி. எங்கள் ஆபீஸில் லோடு எழுதுவது என் வேலை. கல்கத்தா, கான்பூர், கௌஹாத்தி என்று நாள் முழுக்க எழுதிவிட்டு, சாயங்காலம் பரமத்தி வேலூர் பஸ்ஸில் ஏறி வெற்றிலைக்கூடைகளுக்கு நடுவே நின்றபடி வீட்டுக்குப் போவேன். ஊர்ப்பெயர்கள் என் கையைத் தாண்டிப் போனதே தவிர, நான் எங்கேயும் போகவில்லை. அது எனக்கு ஓர் அரிப்பாகவே இருந்தது.

ஆபீஸின் டிரைவர்களில் ஒருவரை எல்லோரும் சிலோன்காரர் என்பார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர். அவருடைய தாத்தாவின் தாத்தா நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பஞ்சத்தில் கிளம்பி, கண்டிக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். இவர் பிறந்தது அங்கே, லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பதினெட்டு வயதில் இரண்டு அரசாங்கங்களும் ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது, அப்பாவும் இவரும் இந்தியாவின் பங்குக்கு வந்தார்கள். கல்யாணமாகியிருந்த அக்கா, புருஷன் வீட்டுக் கடுதாசிப்படி அந்த நாட்டின் பங்குக்குப் போனாள். அம்மா முன்பே இல்லை. இவரை வளர்த்தது அந்த அக்கா. வந்த இரண்டாம் வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊர் ‘ங்க’வை இவர் சீக்கிரமே பழகிக்கொண்டார். டீயைத் தேத்தண்ணி என்பது மட்டும் கடைசிவரை போகவில்லை.

ஓர் ஐப்பசி மாதத்தில் அக்காவிடமிருந்து நீலக் காகிதக் கடிதம் வந்தது. படித்துவிட்டு என் மேஜைமேல் வைத்தார்.

“படியுங்க தம்பி.”

அக்கா சொல்லச் சொல்ல அவளுடைய மகள் எழுதியிருந்தாள். தன்னைப் பற்றிய செய்தியைத் தானே எழுதவேண்டி வந்த பெண். பிள்ளை பெரியவளாகிவிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. சீரும் மாலையும் மட்டும் நிற்கிறது. அது தாய்மாமன் கை. தை கடைசியில் நாள் வைத்திருக்கிறோம். நீ வர முடியாதென்றால் என் கொழுந்தனை நிற்கச் சொல்லலாம் என்கிறார் மச்சான். எனக்கு மனசு ஒப்பவில்லை. வருவாயா, மாட்டாயா, ஒரு வரி எழுது.

“எத்தனை வயசுங்கண்ணா இருக்கும் புள்ளைக்கு?”

“நான் கப்பலேறும்போது இடுப்புல இருந்துச்சுங்க. என்ற சட்டைப் பொத்தானை வாயில வெச்சுக்கிட்டு விடவே மாட்டேனுட்டுது. பிச்சுக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.”

பத்து வருஷம். அதன்பின் அவர் அக்காவைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். அதை அவர் தனக்கு மட்டும் கேட்டார். நான் இரண்டு பேருக்காக விசாரித்தேன்.

முதலாளி நாமக்கல்லுக்கு மேற்கே தோட்டமும் நாலு லாரியும் வைத்திருந்த பெரியவர். பெரியவர் சின்னவர் யாரானாலும் அவருக்குச் சாமிதான்.

“ஏஞ்சாமி, அவன் அக்காளைப் பாக்கப் போறான். நீ ஆரைப் பாக்கப் போற?” என்றார் என்னிடம்.

“துணைக்குங்க.”

“கல்கத்தாவுக்கு ஒத்தையாப் போயிட்டு வர்றவனுக்கு நீ தொணையா?” சிரித்துவிட்டு, ஆளுக்கு எட்டு நாள் என்றார். ஒன்பதாம் நாள் காலை ஆபீஸ் திறக்கும்போது இருவரும் பெஞ்சில் இருக்கவேண்டும்.

அந்த எட்டு நாளை நான் விரித்துப் போட்டேன். பள்ளிக்கூட அட்லஸிலிருந்து இலங்கையை மெல்லிய தாளில் பெரிதாகப் பார்த்து வரைந்தேன். கப்பல் வாரத்தில் மூன்று நாள்தான். அக்கரையில் இறங்கி ரயில், வழியில் ஒரு மாற்றம், மறுநாள் கண்டி. அங்கிருந்து பஸ் ஒரு சிறு டவுன் வரைக்கும் போகும். டவுனுக்கு மேலே எட்டு மைல் ஏற்றம், நடைதான். போவதற்கு ஒரு பகல், இறங்குவதற்கு ஒரு பகல். எப்படிப் போட்டாலும் அக்கா வீட்டில் ஓர் இரவும் ஒரு காலையும்தான் மிஞ்சியது. மாலையைப் போட்டுவிட்டு, போட்ட கையோடு இறங்கவேண்டும்.

மூன்றாம் நாள் எனக்கு அந்த யோசனை வந்தது.

“அண்ணா, கண்டியில வெள்ளைக்காரங்க வந்து போற ஊருங்கறீங்க. அங்க மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கெடைக்காதுங்களா?”

டம்ளரை உதட்டருகே வைத்திருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

“மூணு நாளைக்கு எடுத்தோம்னா, கண்டியிலிருந்து நேரா ஊட்டு வாசல். ரெண்டு முழு நாள் மிச்சம்” என்றேன்.

“ஊட்டு வாசல் வரைக்குமா?” என்றார்.

அப்போதுதான் அதைச் சொன்னார். அந்தத் தோட்டம் முழுக்க ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சின்னதுரையுடையது, அதாவது உதவி மேனேஜருடையது. தோட்டத்து ரோடு ஒரு வண்டி அகலம். மேலே எங்கோ சத்தம் கேட்டவுடனே, கொழுந்துக்கூடையோடு வருபவர்கள் ரோட்டைவிட்டுக் காணுக்குள் இறங்கி நிற்பார்கள். காண் என்றால் ஓரத்து வடிகால். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், அட்டை. வண்டி போய்ப் புகை அடங்கும்வரை ஏறக்கூடாது என்று சட்டமில்லை. யாரும் ஏறமாட்டார்கள்.

“எங்கக்கா என்னெக் கையப் புடிச்சு எறக்கி உடும். நான் அந்த வண்டிச் சக்கரத்தையே பாத்துக்கிட்டு நிப்பேனுங்க. இந்த ரோட்டுல ஒரு நாளைக்கு நாம அதுல வரோணும்னு.”

டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அதன்பின் எங்கள் பயணத்துக்கு ஒரு சக்கரம் வந்துவிட்டது. அக்கா புருஷனான மச்சானுக்குக் கடிதம் போயிற்று. பதில் வந்தது. கண்டியில் ஏரிக்கரையோரம் ஒரு கடை, வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது. சிவப்பு ஹோண்டா ஒன்று நிற்கிறது. பாஸ்போர்ட்டும் சர்வதேச லைசென்ஸும் காட்டவேண்டும். தொப்பி கடையிலேயே தருவார்கள். மூன்றாம் நாள் ஆறு மணிக்குள் திருப்பி விடவேண்டும். மச்சான் இவ்வளவையும் ஒழுங்காக எழுதியிருந்தார். கீழே மிஞ்சிய இடத்தில் மகள் தானாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: மாமா, நீங்கள் மோட்டார் சைக்கிளில் வருவீர்கள் என்று லயத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

சிலோன்காரர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை என்னைப் படிக்கச் சொன்னார்.

மார்கழி முழுக்க நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம், நாமக்கல்லைவிட்டு நகராமல். முதலாளியின் புல்லட்டுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஹோண்டாவுக்கு நேர்மாறு. ஆபீஸ் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, அதன்மேல் நின்று பழகினோம். பார்சல் போட வந்தவர்கள் கூத்து ஏதோ நடக்கிறது என்று பார்த்துப் போனார்கள். மைலைக் கிலோமீட்டர் ஆக்கி ஒரு பட்டியல் எழுதினேன். சீருக்குச் சேலத்தில் அரக்குப் பட்டு ஒன்று நெய்யச் சொல்லியிருந்தார். அதை மழை படாமல் டாங்கின்மேல் கட்டுவது எப்படி என்பது தனி ஆலோசனை. பித்தளைத் தட்டைப் பின்னால் உட்காருபவர் மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் உட்காரப்போவது நான். அதில் அப்போது சந்தேகமே இல்லை.

“பழம் நாலு வேணுமுங்க” என்றார் ஒரு நாள்.

“எதுக்குங்கண்ணா?”

“வண்டி எடுக்கும்போது ரெண்டு. திருப்பி உடும்போது ரெண்டு.”

“வாடகை வண்டிக்கா? திருப்பி உடும்போது எதுக்கு?”

“நல்லபடியாக் கொண்டாந்து சேத்துச்சல்லங்க? வாடகைன்னா அதுக்கு மருவாதி இல்லையா?”

உள்ளே கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். “அப்ப கப்பலுக்கு ஆருடா வெக்கறது? அது எந்த டயர்ல சாமி வெப்பே?”

பாஸ்போர்ட்டுகள் வந்தன. விசாவுக்குப் போய்த் திரும்பின. கடைசியாக, சர்வதேச லைசென்ஸுக்காக எங்கள் இருவருடைய லைசென்ஸையும் மெட்ராஸுக்கு அனுப்பினோம். என்னுடையது கல்லூரி முடித்த வருஷம் மாமா வீட்டுச் சின்ன வண்டியில் எட்டுப் போட்டு வாங்கியது. அதன்பின் வண்டி கைக்கு வரவில்லை. சும்மா இருக்கட்டும் என்று நானும் அனுப்பினேன்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் இரண்டு சாம்பல்நிறப் புத்தகங்கள் தபாலில் வந்தன. கடைசிப் பக்கத்தில் போட்டோ, அதன் பக்கத்தில் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை வண்டி. எதை ஓட்டலாமோ அந்தக் கட்டத்தில் ஊதா முத்திரை. எனக்கு முதல் கட்டத்தில் மட்டும் முத்திரை இருந்தது, மோட்டார் சைக்கிள். அவருக்கு லாரிக் கட்டத்தில் அழுத்தமாக ஒன்று. முதல் கட்டம் வெள்ளையாக இருந்தது.

“அண்ணா, உங்களுக்கு மோட்டார் சைக்கிளுக்கு முத்திரை இல்லீங்க.”

“லாரிக்கு இருக்குதல்லங்க?”

“இருக்குது.”

“லாரி பெருசுங்களா, மோட்டார் சைக்கிள் பெருசுங்களா?”

“லாரிதான்.”

“அப்பறம் என்னங்க?”

அது அவர் ஒருவருடைய தவறு இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு டிரைவரும் மோட்டார் சைக்கிளுக்கென்று லைசென்ஸ் எடுத்து நான் பார்த்ததில்லை. ஹெவி லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அதற்குள் அடக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆறு சக்கரத்துக்குள் இரண்டு சக்கரம் இருக்கத்தானே செய்கிறது. முதலாளியின் புல்லட்டை அவர் ஐந்து வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கும் ஹெவியைக் காட்டினால் சலாம்தான்.

லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் மனு எழுதும் புரோக்கரிடம் போனோம். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்டா வாங்குனவனுக்குச் சொம்பு சும்மா வருமாங்க? அது வேற இது வேற. எல்எல்ஆர் போடோணும், டெஸ்டுக்கு நாள் வாங்கோணும், அப்பறம் மறுக்கா மெட்ராஸ். மாசத்துக்குக் கொறையாது.”

சீருக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

திரும்பி வந்ததும் சிலோன்காரர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். ஓட்டத் தெரிந்தவருக்குக் கட்டம் காலி. ஓட்டத் தெரியாதவனுக்குக் கட்டம் ஊதா. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

“அப்ப நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்துக்கறேன்” என்றார் கடைசியில்.

“நானா?”

“பொட்டாட்டம் முத்திரை குத்தியிருக்குதல்ல?”

முதலாளிக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. “கல்கத்தா வரைக்கும் ஆறு சக்கரத்தை உருட்டறவன் பின்னால உக்காரோணும், லோடு எழுதறவன் ஓட்டோணும். அங்கென்ன, தலைகீழ் நாடா?” புல்லட் சாவியைக் கொடுத்துவிட்டார். “சிலோன் இருக்கட்டும் சாமி. மொதல்ல சேந்தமங்கலம் தாண்டறானான்னு பாரு.”

முதல் நாள் தாண்டவில்லை. நாலாம் நாள் தாண்டினேன். பிறகு மோகனூர் ரோட்டில் காலை ஆறரைக்கு, கரும்பு வண்டிகள் கிளம்புவதற்கு முன்னால், பின்னாலிருந்து அவர் குரல் காதுக்குள் வந்துகொண்டே இருக்கும். “டயரப் பாக்காதீங்க தம்பி. டயருக்கு வழி தெரியும். வளைவு எங்க முடியுதோ அங்க பாருங்க.” “கிளச்ச ஏனுங்க அப்படிப் புடிக்கறீங்க, அது என்ன கோழிக் கழுத்தா?” “லாரிக்காரன் ஒதுங்கமாட்டான். நானே ஒதுங்கமாட்டேன்.” நான் எழுதிவைத்த பட்டியல்களில் ஒன்றும் அங்கே உதவவில்லை. காற்று மட்டும் புதிதாக இருந்தது. முப்பது மைல் வேகத்தில் தட்டை நிலமும் ஒரு வகையில் ஓடத்தான் செய்தது.

தட்டையில் ஓட்டியது போதும், ஏற்றம் பழகவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் போய் ஏற்காடு ஏறினோம். அடிவாரத்தில் இரண்டு பழத்தை வைத்து நசுக்கினார். பட், பட். அந்த வாசனையோடு முதல் வளைவு. மூன்றாவதில் வண்டி நின்றுபோயிற்று. ஏழாவதில் பாறையை உரசினேன். பத்துக்கு மேல் கை தானாகப் பழகியது. காப்பித்தோட்டங்கள் தொடங்கின. சில்வர் ஓக் மரங்கள், மிளகுக்கொடி, மேலே இருந்த வெயில் கீழே எட்டாத ஈரம்.

“எங்கூரு மாதிரியேதானுங்க. தேயிலை மட்டும் இல்ல” என்றார். சொல்லும்போது குரலில் ஒரு துள்ளல். அந்தக் கணத்தில் நாங்கள் ஏற்கெனவே அங்கே போய்விட்டிருந்தோம் என்று நினைக்கிறேன். அவர் மடியில் பித்தளைத் தட்டு இருந்தது, என் டாங்கின்மேல் பட்டு இருந்தது.

பதினான்கோ பதினைந்தோ, அந்த வளைவைத் தாண்டியதும் ரோடு குறுகியது. எதிரே ஏழெட்டுப் பேர் காப்பிச் சாக்குகளைத் தலையில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். புல்லட் சத்தம் கேட்டதும் ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை. வரிசையாக ரோட்டைவிட்டு ஓரத்து வடிகாலுக்குள் இறங்கினார்கள். பாவாடை தாவணியில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய கையை ஒரு பெரிய பெண் பிடித்து இறக்கிவிட்டாள். அத்தனை பேரும் அங்கே நின்று எங்கள் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

பின்னாலிருந்து என் தோளில் ஐந்து விரலும் பதிந்தன.

“நிறுத்துங்க.”

நிறுத்தினேன். அதாவது, வண்டி அணைந்தது. இறங்கி ரோட்டில் நின்றார்.

“நீங்க போங்க” என்றார் அவர்களிடம்.

“நீங்க போங்க சாமி. நாங்க அப்பறமாப் போறோம்” என்றாள் முன்னால் நின்ற கிழவி. வடிகாலில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இல்ல, நீங்க மேல வாங்க.”

“வண்டி போகட்டுஞ் சாமி.”

ஒருவரும் நகரவில்லை. தலையில் சாக்கோடு அவர்கள், சும்மா நாங்கள். பிறகு அவர் என்னை இறங்கச் சொல்லி, ஹேண்டில்பாரைத் தன் கையில் வாங்கி, அவ்வளவு கனமான வண்டியை எதிர்ப்பக்க ஓரத்துக்குத் தள்ளினார். முன்சக்கரம் அந்தப் பக்கத்து வடிகாலில் இறங்கியது. அவரும் செருப்போடு இறங்கி, சேற்றில் நின்று பிடித்துக்கொண்டார். ரோடு காலியாயிற்று. அதன்பிறகே அவர்கள் ஒவ்வொருவராக ஏறி நடந்தார்கள். கடக்கும்போது தாவணிப் பெண் திரும்பிப் பார்த்தாள். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல.

மேலே ஏரிக்கரைக் கடையில் டீ குடித்தோம். “தண்ணி சரியில்ல” என்றார். இறங்கும்போது, முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரே ஓட்டினார். இருபது வளைவும் ஒரே மூச்சில் இறங்கின.

நாமக்கல் கோட்டைப் பாறை கண்ணில் பட்டதும் சொன்னார்:

“பைக்கு வேண்டாமுங்க தம்பி.”

“நான் இன்னும் நல்லாப் பழகிக்கறேனுங்கண்ணா. இன்னும் ரெண்டு தடவை ஏறுனா…”

“நீங்க ஓட்டறதுக்குச் சொல்லலீங்க. நல்லாத்தான் ஓட்டுனீங்க.”

“புள்ளை எல்லாத்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்குதே.”

“ஆமாங்க” என்றார். அதுதான் அவருக்கும் கஷ்டமாக இருந்தது. “அந்த ரோட்டுல அந்த நேரம் மலையெறங்கி வர்றது ஆருங்க? எங்கக்காதான் வரும். சத்தங் கேட்டதும் காணுக்குள்ள எறங்கும். வர்றது நானுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

இரண்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து நான் போட்ட திட்டத்தில் ரோடு இருந்தது, ரோட்டில் நடப்பவர்கள் இல்லை.

வண்டி இல்லாத பயணத்தில் எனக்கு வேலையும் இல்லை. துணைக்கு என்ற சொல்லை இனி யாரிடமும் சொல்ல முடியாது. நடந்து ஏறுவதானால் இன்னும் இரண்டு நாள் வேண்டும். முதலாளியிடம் போய் நின்றோம்.

“ஆளுக்கு எட்டுன்னா பதினாறு. ஒருத்தன் பத்து எடுத்துக்கிட்டா எனக்கு ஆறு மிச்சம்” என்றார். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீ சேந்தமங்கலம் தாண்டிட்டியல்ல சாமி? அது போதும்.”

கோபப்பட்டேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பட்டிருக்கவேண்டும். அந்தப் பாஸ்போர்ட் என்னிடம் இன்னும் இருக்கிறது. விசா முத்திரை உண்டு, இறங்கிய முத்திரை இல்லை. அடுத்த வருஷம் போகலாம், அதற்கடுத்த வருஷம் போகலாம் என்றிருந்தேன். பிறகு அங்கே கலவரம், கப்பலும் நின்றது. பிறகு வேறு ஊர்கள், வேறு வண்டிகள். அவரும் நாமக்கல்லைவிட்டு வேறு எங்கோ போனார்.

கிளம்பிய அன்று காலை நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் போனேன். அவர் ஏறப்போவது திருச்சி பஸ். அங்கிருந்து ராமேஸ்வரம். தகரப்பெட்டி ஒன்று. மேல்துண்டில் மூட்டையாகக் கட்டிய பித்தளைத் தட்டு, அதற்குள் அரக்குப் பட்டு. சட்டைப்பையில் எதுவோ தூக்கலாக இருந்தது. என்ன என்று கேட்டேன். இரண்டு எலுமிச்சம்பழம்.

“வண்டிதான் இல்லியேங்கண்ணா?”

“ஏத்தத்துல மயக்கம் வந்தா மோந்துக்கலாமுங்க.”

நான் வரைந்த வரைபடத்தைக் கொடுத்தேன். பெட்ரோல் கிடைக்கும் இடங்களைச் சிவப்பில் போட்டிருந்தேன். அவர் பிரித்துப் பார்த்து, நாலாக மடித்து, பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். மரியாதைக்காகத்தான் என்று தெரிந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று நாங்கள் முடிவு செய்திருந்த அதே மாதிரி.

கண்டக்டர் விசிலடித்தார். டிரைவர் கியரைப் போடும் சத்தம் கேட்டு, சிலோன்காரர் பழக்கதோஷத்தில் முகத்தைச் சுளித்தார்.

“அந்தப் புள்ளை கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றேன், நகரும் பஸ்ஸோடு நாலடி நடந்துகொண்டே. “மோட்டார் சைக்கிள் எங்க மாமான்னு?”

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“பஞ்சருன்னு சொல்லிக்கறேனுங்க. கீழ ரோட்டுல நிக்குது, தம்பி ஒட்டிக்கிட்டு இருக்குதுன்னு.”